ராணி குதித்த பாறை

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு கோட்டை முற்றுகை வரும். பகைவர்கள் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே நுழையும் சமயம், இளைய ராணி நிலா வெளிச்சத்தில் மதில்மேல் ஏறி, கீழே சுழித்தோடும் வெள்ளத்தில் குதித்துவிடுவாள். அந்த அத்தியாயம் வெளியான வாரம் எனக்கு வந்த கடிதங்களை இன்னும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். அழுதவர்கள் பலர். ராணியை எப்படியாவது பிழைக்க வைக்கும்படி கேட்டவர்கள் அதைவிடப் பலர்.

கோட்டை கண்டிக்கோட்டை. ஆந்திரத்தில், கடப்பை ஜில்லாவில், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில் பெண்ணாற்றின் கரையில் இருக்கிறது. நான் அந்த இடத்தைக் கண்ணால் கண்டதில்லை. நூல்நிலையத்தில் உட்கார்ந்து பழைய பிரயாண நூல் ஒன்றையும் ஒரு ஜில்லா வரலாற்றையும் படித்தேன். மிச்சத்தை என் பேனா பார்த்துக்கொண்டது. பெண்ணாறு எப்படியிருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு கர்வம். ஏனென்றால் நான் பிறந்தது திருக்கோவலூரில், தென்பெண்ணைக் கரையில். வடபெண்ணையும் தென்பெண்ணையும் நந்திமலைத் தொடரில் பிறந்த சகோதரிகள். ஒருத்தி வடக்கே போய் நெல்லூர்ப் பக்கம் கடலில் கலக்கிறாள். மற்றவள் நம் கடலூர்ப் பக்கம் வருகிறாள். ஆகவே சிறுவயதில் கண்ட தென்பெண்ணை வெள்ளத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்க் கண்டிக்கோட்டை மதிலுக்குக் கீழே ஓடவிட்டேன்.

கதை புத்தகமாகி, முதற்பதிப்பும் விற்றுத் தீர்ந்து, மறுபதிப்புக்கு அச்சகத்தில் கம்போஸ் ஆகிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தப் பக்கத்து ஆசாமி; சென்னையில் ஒரு தெலுங்குப் பள்ளியில் இருபது வருஷம் வாத்தியாராக இருந்து, ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பியவர். தமிழ் நன்றாகவே எழுதியிருந்தார்.

"அய்யா, தங்கள் ராணி குதித்த இடத்தில் தண்ணீர் கிடையாது, பாறைதான். மதிலிலிருந்து குதித்தால் ஆறு எட்டாது. முதல் திட்டிலேயே அவள் கால் ஒடிந்து கிடப்பாள். அப்படி ஒரு ராணி இருந்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுத இஷ்டமில்லை. நேரில் வந்தால் காட்டுகிறேன்."

கதையெழுதுகிறவனுக்கு யாரும் 'உன் கதை நன்றாக இல்லை' என்று எழுதினால் அவ்வளவு வலிப்பதில்லை. அது அபிப்பிராயம். 'அங்கே தண்ணீர் இல்லை' என்பது அபிப்பிராயம் அல்லவே! இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மூன்றாம் நாள், "கண்டிக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று மனைவியிடம் சொன்னேன். "கண்டிக்கா? பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டதா? அங்கே போய் யாருக்குப் பல் காட்டப் போகிறீர்கள்?" என்றாள். இலங்கைக் கண்டி இல்லை, இது தெலுங்குக் கண்டி என்று விளக்கிச் சொல்லிவிட்டு, பம்பாய் வழியில் போகும் இரவு வண்டியில் ஏறினேன்.

தெலுங்கில் கண்டி என்றால் உடைப்பு, பிளவு. ஏரிக்கரையில் மழைக்கு உடைப்பு எடுத்தாலும் கண்டிதான். மலையை ஆறு உடைத்துக்கொண்டு போனாலும் கண்டிதான். இந்தப் பெயரை வைத்தவர்கள் பெரிய ஏரி கட்டிப் பிழைத்த ஜனங்களாக இருக்க வேண்டும். எர்ரமலை என்ற சிவப்பு மலைத்தொடரை அவர்கள் ஒரு கரையாகவே பார்த்திருக்கிறார்கள். பெண்ணாறு அதில் ஓர் உடைப்பு எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

முத்தனூரு ஸ்டேஷனில் வாத்தியார் எனக்காகக் காத்திருந்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துண்டு, காலில் டயர்ச் செருப்பு. அவரை நான் 'மாஸ்டர்காரு' என்று அழைத்தேன். அவர் என்னை 'அய்யா' என்றார். கடைசி வரையில் அதை மாற்றிக்கொள்ளவில்லை. கடிதத்தில் இருந்த காரம் நேரில் இல்லை. ஸ்டேஷன் வாசலில் இட்டிலியும் காரப்பொடியும் வாங்கிக் கொடுத்து, நான் தண்ணீர் குடிப்பதை அனுதாபத்தோடு பார்த்தார்.

கோட்டைக்குப் போகிற வரையில் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதாகவே தெரியாது. வறண்ட சமவெளி, சிவப்பு மண், முள்மரங்கள். சுற்றுலாக்காரர்கள் இதை 'இந்தியாவின் கிராண்ட் கான்யன்' என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எது அழகாக இருந்தாலும் அதற்கு ஓர் அமெரிக்கச் சம்பந்தி தேட வேண்டும் என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை. அமெரிக்கப் பள்ளத்தாக்கு ஒரு மைல் ஆழம். இது சுமார் 300 அடி. பெயரை வைத்து வந்தவன் ஏமாந்துதான் போவான். பெயரை மறந்துவிட்டு வந்தவனுக்கு அந்த 300 அடி போதும் போதும் என்றாகிவிடும்.

கோட்டைக்குள் நுழைந்து, இடிந்த வீடுகளுக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே நடந்து, பெரிய தானியக் களஞ்சியத்தையும் மசூதியையும் தாண்டி, கற்பாறைகள் மேல் கொஞ்சம் தவழ்ந்தால், திடீரென்று பூமி முடிந்துவிடுகிறது. எதிரே அதே உயரத்தில், கை நீட்டினால் தொடலாம் போல, இன்னொரு மலைச்சுவர். இரண்டுக்கும் நடுவே, கீழே, பச்சையாக, அசையாமல் பெண்ணாறு. இரண்டு சுவர்களும் கல்தச்சன் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியதைப் போல் இருக்கின்றன. சில கற்கள் அடுக்கிலிருந்து பாதி வெளியே வந்து, எப்போது விழலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கின்றன.

மதில் எங்கே, விளிம்பு எங்கே, ஆறு எங்கே என்று நான் கண்ணால் அளந்துகொண்டேன். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தது நாகரிகம். ராணி அந்த மதிலிலிருந்து ஆற்றில் விழ வேண்டுமானால் அவளுக்குச் சிறகு வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். பதினைந்து வயதிருக்கும். கையில் தண்ணீர்ப் பாட்டில்கள் கட்டிய பை. நான் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "சார், ராணி பாறை பார்க்கணுமா?" என்று உடைந்த தமிழில் கேட்டான். எனக்குப் புரியவில்லை. விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த ஒரு தட்டைப் பாறைக்கு எங்களை அழைத்துப் போனான். அங்கே நின்று தெலுங்கும் தமிழும் கலந்து கதை சொன்னான். முற்றுகை, நிலா, மதில், இளைய ராணி. நான் எழுதிய வரிசையில், கிட்டத்தட்ட நான் எழுதிய வார்த்தைகளில். ஒரு வித்தியாசம்: அவன் ராணி முதுகில் ஒரு குழந்தையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பௌர்ணமி தோறும் அவள் வளையல் சத்தம் கீழேயிருந்து கேட்கும் என்றும் சொன்னான்.

"இதுதான் அந்த இன்னொரு விஷயம்" என்றார் வாத்தியார் மெதுவாக. "சென்னையிலிருந்து வருகிற உங்கள் வாசகர்கள் எல்லாரும் இவனிடம், ராணி எங்கே குதித்தாள், எங்கே குதித்தாள் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னால் இவனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு பாறையைக் காட்டினான். கதையையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான். இப்போது தெலுங்குக்காரர்களுக்கும் காட்டுகிறான். போன மாதம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்த டீச்சரம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்."

பையனுக்கு நான் ஐம்பது ரூபாய் கொடுத்தேன். வேறென்ன செய்வது? என் கதையை என்னிடமே விற்றவன் அவன் ஒருவன்தான்.

இந்தக் கோட்டைக்கு என் கதை தேவையே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. சரித்திரத்துக்கு இங்கே பஞ்சம் கிடையாது. கல்யாணிச் சாளுக்கியன் ஆகவமல்ல சோமேசுவரனின் கீழ் இருந்த ஒரு சிற்றரசன் 1123-இல் இதைக் கட்டினான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். எழுதும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். அந்தச் சோமேசுவரன் 1068-இலேயே துங்கபத்திரையில் மூழ்கி உயிர் விட்டவன். 1123-இல் அரியணையில் இருந்தவன் அவன் மகன் ஆறாம் விக்கிரமாதித்தன். ஆண்டு தவறா, அரசன் தவறா, இரண்டுமே தவறா? எதுவானாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதி, அந்த வாக்கியம் பாறை போல் உறுதியாகிவிட்டது. வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் பையன் தனியாக இல்லை" என்றார்.

பிறகு விஜயநகரத்தார் காலத்தில் பெம்மசானி நாயக்கர்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கோட்டையைக் கட்டி ஆண்டவர்கள் அவர்கள். 1520-இல் ராய்ச்சூர்ப் போரில் கிருஷ்ணதேவராயருக்காகப் போரிட்ட பெம்மசானி ராமலிங்க நாயக்கர் இந்தக் குலத்தவர். மாதவராயர் கோவில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால் அந்தக் காலத்துச் செல்வம் தெரிகிறது. உள்ளே கர்ப்பக்கிருகம் காலி. ரங்கநாதர் கோவிலிலும் அப்படியே. வெளவால்கள்தான் ஆராதனை செய்கின்றன.

காலியானதற்குக் காரணம் தேடினால் மீர் ஜும்லாவிடம் போய் நிற்க வேண்டும். பாரசீகத்தில் எண்ணெய் வியாபாரியின் மகனாகப் பிறந்து, வைர வியாபாரத்தில் பணம் குவித்து, கோல்கொண்டா சுல்தானின் மந்திரியானவன். கண்டிக்கோட்டையைப் பிடித்த சூட்டோடு அவன் இங்கே பாளையம் இறங்கியிருந்தபோது, 1652-இல், தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி சென்னைக் கோட்டையில் தங்கிவிட்டு அவனைப் பார்க்க வந்தான். விற்க வேண்டிய முத்துக்களை முதலில் மந்திரிக்குக் காட்டியாக வேண்டும். அவன் எழுதி வைத்த ஒரு காட்சியை நான் மறக்கவே முடியாது. கூடாரத்தில் மீர் ஜும்லா உட்கார்ந்திருக்கிறான். கால் விரல் இடுக்குகளில் கடிதங்கள். இடக்கை விரல்களின் இடுக்குகளிலும் கடிதங்கள். ஒவ்வொன்றாக உருவி, படிக்கச் சொல்லி, பதில் சொல்லி எழுத வைக்கிறான். இப்படி ஒரு காட்சியைக் கற்பனையில் எழுத என்னால் முடியுமா? என் கதையில் அவன் மீசையை முறுக்கிக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அவனிடம் கிளாட் மாய் என்ற பிரெஞ்சுக்காரன் ஒருவன் பீரங்கி வார்க்கும் வேலையில் இருந்தான். இருபது பீரங்கிகள் வேண்டும் என்று உத்தரவு. அதற்காகக் கோவில்களிலிருந்து செப்புத் திருமேனிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். மற்ற ஊர்ச் சிலைகள் எல்லாம் உருகின. கண்டிக்கோட்டைக் கோவிலின் ஆறு திருமேனிகள் மட்டும் எவ்வளவு தீ மூட்டியும் உருகவில்லையாம். அர்ச்சகர்கள் மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று மீர் ஜும்லா அவர்களை மிரட்டினான். முடிவில் மாய் ஒரு பீரங்கிகூட உருப்படியாக வார்க்கவில்லை. ஒன்று வெடித்தது, இன்னொன்று அரைகுறையாக நின்றது. வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான். இதைச் சொல்கிறவன் பக்தன் அல்ல, முத்து விற்க வந்த பரங்கி. உலை சரியில்லையா, தொழில் தெரியாதவனா, அல்லது அவனுக்கே கை நடுங்கியதா? எதையும் நம்பலாம். நான் கதையில் இதை ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன், ராணியைக் குதிக்க வைக்கும் அவசரத்தில்.

கடைசி நாயக்கருக்கு நஞ்சு வைத்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். 'கத்துல கோனேரு' என்று ஒரு குளம். கத்தி கழுவிய குளம். போர் முடிந்து வந்தவர்கள் வாளைக் கழுவியதில் தண்ணீர் சிவந்ததாம். மண் சிவப்பு, கல் சிவப்பு. தண்ணீர் வெள்ளையாக இருந்தால்தான் ஆச்சரியம் என்று நான் நினைத்தேன். ஆனால் பாறையில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தி வேளையில் அதை உரக்கச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஆற்றுக்கு இறங்கினோம். இறங்கினோம் என்று எழுதுவது சுலபம். பாதை என்று ஒன்று கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள் கால் வைத்த இடமே பாதை. வீடு அளவுப் பாறைகள் உருண்டு கிடக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உட்கார்ந்து, சறுக்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். எழுபது வயது மனிதர் செருப்பைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டு முன்னே போனார். நாற்பத்தேழு வயதில் நான் 'அம்மா, அப்பா' என்று பின்னே போனேன். பாதி வழியில் ஒரு நிழலில் நிறுத்தி, "அய்யா, இந்தக் கல்லைப் பாருங்கள்" என்றார்.

ஒரு பெரிய பலகைக்கல் சாய்ந்து கிடந்தது. அதன் மேற்பரப்பு முழுவதும் அலை அலையாக வரி. கடற்கரையில் அலை பின்வாங்கிய பிறகு ஈர மணலில் கோடு கோடாக இருக்குமே, அதே கோடுகள். விரலை வைத்தால் அலைக்கும் அலைக்கும் நடுவே சரியாகப் பொருந்துகிறது. இது ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலின் மணல். கடப்பைப் பகுதி பெரிய பள்ளமாகத் தாழ்ந்து, அதில் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகப் படியத் தொடங்கியது சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் வீட்டு அடுக்களையில் பாத்திரம் அடுக்க வைத்திருக்கிறோமே கடப்பைக் கல், அதுவும் இந்தப் பக்கத்துப் படிவுதான். ஆனால் அது சுண்ணாம்புக் கல், வயதில் இளையது. கோட்டை நிற்கும் பாறை மணல் இறுகி உண்டான படிகக்கல். பூதத்துவ நிபுணர்கள் இதற்குக் கண்டிக்கோட்டைப் பாறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நூறு கோடி ஆண்டுகளைத் தொடும் பழமை. அந்த மணலில் நண்டு ஓடவில்லை, சங்கு கிடக்கவில்லை. அவையெல்லாம் உலகத்தில் பிறக்கவே இல்லை. அலை மட்டும் வந்து வந்து போயிருக்கிறது. கேட்க ஒரு காது கிடையாது.

பலர் இதைக் கருங்கல் என்று எழுதுகிறார்கள். அப்படியிருந்தால் இந்தப் பள்ளத்தாக்கு இந்த வடிவத்தில் இருந்திராது. அடுக்குகள் ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருக்கின்றன. அவற்றை நெட்டுக்குத்தாக வெடிப்புகள் அறுத்திருக்கின்றன. ஆறு அடியிலே அரிக்க அரிக்க, மேலே உள்ள கல் வெடிப்பு வழியே கட்டியாகக் கழன்று விழுகிறது. அதனால்தான் சுவர் சரியாமல் செங்குத்தாக நிற்கிறது. அது சரி, ஆறு ஏன் மலையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நடுவே போயிற்று? ஆறு மலையை உடைக்கவில்லை; இன்றைய மலை தலை தூக்குவதற்கு முன்பே ஆறு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்பது நிபுணர்கள் சொல்லும் பதில். சுற்றிலும் இருந்த மெல்லிய மண்ணும் கல்லும் கரைந்து போக, கெட்டிப் பாறை மலையாக நின்றது. ஆறு தன் பழைய தடத்தை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்தது. வாத்தியார் இதைக் கேட்டுவிட்டு, "எங்கள் பாட்டி சிவனுடைய வில்லின் நுனி கிழித்தது என்று சொல்வாள். பினாகினி என்ற பெயர் அதனால்தான் என்பாள்" என்றார். வடபெண்ணைக்கும் தென்பெண்ணைக்கும் உள்ள வடமொழிப் பெயர் பினாகினி. பினாகம் சிவன் வில். எங்கள் ஊரிலும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் எங்கள் ஆறு எந்த மலையையும் கிழிக்காததால், எங்கள் பாட்டிமார்களுக்கு வில்லின் நுனியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

கீழே தண்ணீர் அசையாமல் இருந்ததற்குக் காரணம் இயற்கை அல்ல. இடுக்குக்கு மேலே ஓர் அணை, கீழே மயிலவரத்தில் ஓர் அணை. இரண்டுக்கும் நடுவே ஆறு அணைக்காரர்களின் சௌகரியப்படி இருக்கிறது. மேலே உள்ள கண்டிக்கோட்டை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 27 டி.எம்.சி. கிருஷ்ணா ஜலத்தைக் கொண்டுவந்து ராயலசீமையின் வறட்டு நிலத்துக்குப் பாய்ச்சும் திட்டம். ராயலசீமைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் 2020-ஐ ஒட்டி நீர் முழு அளவுக்கு ஏறியபோது கொண்டாபுரம் பக்கத்துக் கிராமங்கள் பல அதற்குள் போய்விட்டன. வாத்தியாருடைய ஊரும் அவற்றில் ஒன்று.

இதை அவர் ஆற்றங்கரையில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, நீர்த்தேக்கம் தெரியும் ஒரு மேட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். சுட்டுவிரலை நீட்டி, "அந்த மொட்டை மரம் தெரிகிறதா? அதற்கு இடது பக்கம் எங்கள் வீடு. அதற்குப் பின்னால் ராமர் கோவில். பள்ளிக்கூடம் அதோ, அந்த நீர்க்கோழி மிதக்கிறதே, அங்கே" என்றார். தண்ணீரின் மேல் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்.

"நஷ்ட ஈடு கொடுத்தார்கள். காலனியில் வீடும் கட்டியாயிற்று. அதைப் பற்றி ஒன்றுமில்லை" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "பாறை காட்டினானே அந்தப் பையன், அவனும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். அவன் அப்பனுக்கு வேர்க்கடலை விளைந்த பூமி இருந்தது. கிடைத்த பணம் இரண்டு வருஷத்தில் போயிற்று. அவனுடைய ஊரைப் பற்றி எந்தச் சுற்றுலாக்காரனும் கேட்பதில்லை, அய்யா. ராணியைத்தான் கேட்கிறார்கள்" என்றார்.

அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? ஆட்டோக்காரன்தான் ஹாரன் அடித்து எங்களைக் காப்பாற்றினான்.

ரயிலுக்கு ஒருநாள் மிச்சம் இருந்தது. "வந்ததற்கு நிஜமான கண்டி ஒன்றையும் பார்த்துவிடுங்கள்" என்று வேம்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள கண்டிக்கு அழைத்துப் போனார். அங்கே பெண்ணாற்றில் சேரும் பாபாக்னி நதி இரண்டு மலைகளுக்கு நடுவே வருகிறது. இது கண்டிக்கோட்டை போல் பயமுறுத்தும் இடமல்ல. ஆனால் கதை பெரிது. இலங்கையிலிருந்து திரும்பிய ராமரை வரவேற்க, வாயு பகவான் இந்த இரண்டு மலைகளுக்கும் குறுக்கே ஒரு தங்கத் தோரணம் கட்டினானாம். ராமர் காத்திருந்த நேரத்தில் அம்பு நுனியால் பாறையில் ஆஞ்சநேயர் உருவத்தைக் கீறினார். இடக்கைச் சுண்டுவிரல் ஒன்றை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டார். பின்னாளில் வியாசராய சுவாமிகள் அந்த விரலைச் செதுக்கிப் பூர்த்தி செய்யப் போனபோது ரத்தம் வந்தது. அந்த ஆஞ்சநேயருக்குக் கோவில் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது.

தங்கத் தோரணம் இன்னும் அங்கேயே தொங்குகிறதாம். எல்லார் கண்ணுக்கும் தெரியாது. ஆயுள் முடியப் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் அந்த வழியாகக் குதிரையில் போன மன்றோ துரை நிமிர்ந்து பார்த்து, "இது என்ன, மலைக்கு மலை தங்க மாலை?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் முகம் வெளுத்துப் போயிற்று. துரை சில நாளில் இறந்தார்.

மன்றோ நமக்குத் தெரிந்தவர்தான். சென்னைத் தீவுத்திடலில் அங்கவடி இல்லாத குதிரையில் 1839 முதல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரே. 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த இந்த ஜில்லாக்களுக்குக் கலெக்டராக வந்து 1807 வரை கூடாரத்திலேயே வாழ்ந்து, வயல் வயலாக அளந்து வரி விதித்தவர். பாளையக்காரர்களை ஒடுக்கியவர். பிறகு சென்னைக் கவர்னராகி, சீமைக்குத் திரும்புமுன் பழைய ஜனங்களிடம் விடைபெற வந்தபோது, 1827 ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டாவில் வாந்திபேதியில் இறந்தார். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் இவரோடு பேசினார் என்று ஒரு கதை. திருமலையில் இவர் பெயரால் ஒரு நைவேத்தியக் கங்காளம். இங்கே பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரி வாங்கிய வெள்ளைக்காரனை இந்த ஜனங்கள் ஏன் இப்படித் தங்கள் தெய்வங்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்? அளந்து வாங்கினான், இரண்டாம் தடவை வாங்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். போனவன் விடைபெறத் திரும்பி வந்தான், வந்த இடத்தில் செத்தான் என்பது அதைவிடப் பெரிய காரணமாக எனக்குப் படுகிறது.

வாத்தியார் ஆற்றோரம் குனிந்து ஒரு கல்லைக் காட்டினார். முட்டைக்கோஸைக் குறுக்கே அறுத்தது போல் வட்டத்துக்குள் வட்டம். இது சுண்ணாம்புப் பாறை. அந்த வட்டங்களைக் கட்டியவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். கண்டிக்கோட்டை மணலுக்கும் முற்பட்டவை. இந்தப் பக்கத்துப் பாறைகளில் ஏராளமாக இருக்கின்றன. "என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கலாம். சென்னையில் இருந்து தொலைத்துவிட்டேன்" என்றார்.

புறப்படும்போது நான் மேலே பார்க்கவில்லை. பகுத்தறிவு உள்ளவன்தான், ஆனாலும் பெண் கல்யாணம் பாக்கி, மறுபதிப்பு பாக்கி. எதற்கு வம்பு? வாத்தியார் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, இரண்டு மலைக்கும் நடுவே சாவகாசமாகப் பார்த்தார். "தெரிகிறதா, மாஸ்டர்காரு?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை" என்றார்.

சென்னைக்கு வந்ததும் அச்சகத்துக்கு ஓடி அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். ராணி குதிக்கவில்லை. இருட்டில் ஆட்டுப் பாதை வழியாகப் பாறை பாறையாக இறங்கி, முழங்கை தேய்ந்து, ஆற்றைக் கடந்து அக்கரை இருளில் மறைந்துவிடுகிறாள். பதிப்பாளருக்கு வருத்தம்; விற்பனை குறையும் என்றார். குறையவில்லை, கூடவும் இல்லை. முதல் பிரதியை வாத்தியாருக்கு அனுப்பினேன். பதினைந்து நாளில் பதில் வந்தது.

"திருத்தம் நன்றாக இருக்கிறது. பையனைக் கூப்பிட்டு, எழுதினவரே மாற்றிவிட்டார், ராணி குதிக்கவில்லை என்று சொன்னேன். 'மெட்ராஸ் சாருக்குக் கதை முழுக்கத் தெரியாது, தாத்தா' என்கிறான். நானும் வற்புறுத்தவில்லை. பாறைக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நேற்றுப் போனபோது இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் இருந்தன."